விசில் இல்லாத வாரம்

பேட்டை தாண்டும்போதே வலது தாடை
தனியாக ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு
என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிடும்.
சேரன்மகாதேவி வரைக்கும் சும்மா வரும்.
வீரவநல்லூரில் பேச்சை ஆரம்பிக்கும்.
கல்லிடைக்குறிச்சி என்று கத்த வேண்டிய இடத்தில்
'கல்லி' மட்டும் வெளியே வரும்,
மிச்சத்தைப் பல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஞானப்பல்லாம்.
முப்பத்தெட்டு வயசில்,
மற்ற பல்லெல்லாம் நின்றுகொண்டு வருகிற வண்டியில்
ரெண்டு சீட்டை அடைத்துப் படுத்துவருகிற ஞானம்.

டிரைவர் மரியசூசை கிராம்பு தந்தார்.
விக்கிரமசிங்கபுரம் மில்லுக்குப் போகிறவர் ஒருவர்
"கடவாப்பல்லுல கை வச்சா கண்ணு நரம்பு போயிரும்வே,
எம் மச்சினனுக்குப் போச்சு" என்றார்.
எந்தக் கண் என்று கேட்டேன்.
அதற்குள் அவர் ஸ்டாப் வந்துவிட்டது.

ராத்திரி ரெண்டு மணிக்குத்
தண்ணீர்ச் செம்பைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு
கட்டிலைச் சுற்றி நடந்தேன்.
பாதி அட்டை மாத்திரையில் வீக்கம் வடிந்தது.
மீதியைப் பையில் சில்லறையோடு போட்டுவைத்தேன்.
பதினோராம் நாள் திரும்பி வந்தது,
பாக்கி கேட்டு வருகிற பயணி மாதிரி.

பாபநாசத்தில் இருபது நிமிஷம் வண்டி நிற்கும்.
ஆற்றில் ஒரு வாய் அள்ளி வலப்பக்கம் ஒதுக்கிவைப்பேன்.
குளிர்ச்சி தீர்கிற வரைக்கும் நான் நல்லவன்.

அம்பையில் இரும்புக்கடைக்கு மேலே ஆஸ்பத்திரி.
பதினேழு படி.
ஒன்பதாவதில் அந்தச் சத்தம் கேட்கும்,
கொசு ஒன்று இரும்பு தின்னப் பழகின மாதிரி.
மூன்று தடவை ஒன்பதுவரை ஏறினேன்.
மூன்று தடவையும் இறங்கி ஆணி வாங்கினேன்.
வீட்டில் முக்கால் கிலோ ஆணி இருக்கிறது.
அடிக்கத்தான் சுவர் இல்லை.

டாக்டரம்மா நம்ம வண்டிதான்.
ரஹ்மத் நிஷா, மேலப்பாளையம்.
முகத்தைத் திருப்பிக்கொண்டே டிக்கெட் கொடுப்பேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை அவர் டிக்கெட்டை வாங்காமல்
என் கன்னத்தைப் பார்த்தார்.
"எத்தன நாளா?"
"எங்க எறங்கணும்?" என்றேன்.

கடைசியில் வாய் ரெண்டு விரல்கூடத் திறக்காத அன்று
பதினேழும் ஏறினேன்.
சீழ் இருக்கு, மாத்திரையை அட்டை முடியச் சாப்பிட்டு வாங்க
என்று திருப்பி அனுப்பினார்.
நானாக ஓடாமல், அனுப்பி வந்தது அதுதான் முதல் தடவை.

ஆறாம் நாள். நாற்காலி தானாகச் சாய்ந்தது.
"டாக்டர், ஆத்துப்பாலத்துல மரியசூசை மிதிக்கும்போது
நீங்க கண்ண மூடிக்கிடுவீங்கள்லா,
அதுமாதிரி மூடிக்கிடட்டா?"
ஊசி பிடித்த கை அப்படியே நின்றது.
"அதப் பாத்திருக்கீங்களா?"
கொஞ்ச நேரம் கழித்து,
"மூடிக்கிடுங்க. வாய மட்டும் மூடிராதீங்க."

வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.
ஊசி எறும்புக் கடி இல்லை, எறும்புப் புற்று.
அப்புறம் வலி போய்ச் சத்தம் மட்டும்,
மண்டைக்குள் யாரோ பீரோ நகர்த்துகிற சத்தம்.
மூன்று துண்டாக வந்தது ஞானம்.
ஒரு வேர் தூண்டில் முள்ளாக வளைந்திருந்தது.
கண்ணைத் திறந்தேன். ரெண்டும் இருந்தது.

ஒரு வாரம் விசில் ஊதக் கூடாது.
தகரத்தில் ஒரு தட்டு என்றால் நில், ரெண்டு என்றால் போ.
மரியசூசைக்கு முதல் நாள் பிடிபடவில்லை,
காருகுறிச்சியைத் தாண்டிப் போய்
ஏழு பேரிடம் ஏச்சு வாங்கினோம்.

இன்று காலை பாலம் வருவதற்கு முன்னால்
ஒரு தட்டு தட்டினேன்.
அவர் பிரேக்கில் கால் வைத்தார்.
யாரும் இறங்கவில்லை, இறங்க அங்கே ஸ்டாப்பும் இல்லை.
வண்டி மெதுவாகத் தண்ணீரைத் தாண்டியது.
டாக்டரம்மா கண்ணைத் திறந்தாரா, பார்க்கவில்லை.
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
இடப்பக்கத் தாடையில் யாரோ
ஏறலாமா என்று கேட்கிற மாதிரி இருந்தது.